வெள்ளையன் வண்டியின் கணக்கு

பெருமாள்சாமிக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். பனியன் கம்பெனிக்காரர் அப்படி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். காலையில் வெளியே போன சாம்பிள் டிசைன் சாயங்காலம் பக்கத்துத் தெரு மிஷினில் ஓடுகிற ஊர் திருப்பூர். தொண்ணூற்று மூன்றில் அந்தச் சந்தேகம் முழுக்க சேக் தாவூதின் மேல் போய் உட்கார்ந்தது.

தாவூது காங்கேயம் ரோட்டில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருந்தார். பெருமாள்சாமியின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆரம்பத்திலிருந்தே அவர்தான் வைத்தியர். மெட்ராஸ் பக்கத்துப் பந்தயத் தடத்தில் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்க விடுகிற நாட்கள் உண்டு. பெருமாள்சாமி தவறாமல் போவார். தவறாமல் வெள்ளையனிடம் தோற்பார். வெள்ளையனும் பனியன்காரர்தான். அதே கார், அதே தாவூதின் கை. ஆனாலும் சுற்றுக்கு இரண்டு செகண்டு முந்திவிடுவார்.

"என்ற வண்டிச் சக்கரத்தையும் இன்னுங் கொஞ்சம் சாச்சு வெக்கக் கூடாதுங்களா?" என்று பெருமாள்சாமி கேட்பார்.

"உங்களுக்கு இது போதுமுங்ணா" என்று தாவூது சிரிப்பார்.

அந்தச் சிரிப்பைப் பெருமாள்சாமி நம்பமாட்டார். போதுமாம்! வெள்ளையன் ஆளை வளைத்துப் போட்டுவிட்டான், வேறென்ன?

ஒரு வெள்ளிக்கிழமை, "கடையைப் பாத்துக்குங்ணா" என்று சொல்லிவிட்டுத் தாவூது தொழுகைக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் பெருமாள்சாமி டிராயரைத் திறந்து, வண்டிகளின் சக்கர அளவுகளைத் தாவூது குறித்துவைக்கும் நோட்டை எடுத்தார். அதன்படி வெள்ளையன் வண்டியின் முன்சக்கரங்கள் மேல்பக்கம் மூன்று டிகிரி உள்ளே சாய்ந்திருந்தன. முன்முனைகள் நன்றாக வெளியே விரிந்திருந்தன. தன் வண்டிக்கோ ஒரு டிகிரி சாய்வு, விரிப்பு கிடையவே கிடையாது.

அடுத்தவன் சாயக் கலவையைக் களவாடித் தன் துணியை முக்கிப் பார்ப்பது அவர் தொழிலில் புதிதல்ல. எண்களைக் குறித்துக்கொண்டார். கம்பெனி ஃபிட்டர் ராக்கையாவை வைத்து, வண்டியின் இரு பக்கமும் நூல் கட்டி அளந்து, அப்படியே தன் சக்கரங்களில் ஏற்றினார். தாவூதிடம் மூச்சுவிடவில்லை.

தடத்தில் வண்டி வளைவுகளில் தரையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. வெள்ளையனை அரை செகண்டு முந்திவிட்டார்! ஜெயித்ததைவிட, தாவூது கையும் களவுமாக மாட்டிக்கொண்டதுதான் அவருக்குப் பெரிய சந்தோஷம். மறுநாள் காலை, எப்போதும்போல, மனைவி மயிலாளைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே காரில் மெட்ராஸிலிருந்து திருப்பூருக்குக் கிளம்பினார்.

"ஏனுங்க, வண்டி இப்படி அலையுது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பேசாம வா."

சங்ககிரி தாண்டியதும் முன் டயர் வெடித்தது. வண்டி ரோட்டை விட்டு இறங்கிப் புளியமரத்தில் இடித்து நின்றது. பெருமாள்சாமிக்குக் கீறல்கூட இல்லை. மயிலாளுக்குத்தான் மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தபோது, வெட்கக்கேடு, தாவூதின் நம்பர்தான் அவர் வாயில் வந்தது. தாவூது வேன் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "அண்ணிக்கு எப்படீங்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பெருமாள்சாமியைக் கூட்டிக்கொண்டு, புளியமரத்தடியில் கிடந்த காரைப் பார்க்கப் போனார். டயரின் உள்விளிம்பைத் தடவினார். ரப்பர் முழுக்கத் தேய்ந்து கம்பி தெரிந்தது.

"வெள்ளையண்ணன் கணக்குங்களா?"

பெருமாள்சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"அவரு கார் தடத்துக்கு லாரியில வந்து லாரியிலயே போகுதுங்ணா. மெயின் ரோட்டுல நானூறு கிலோமீட்டர் ஓடறதில்ல. இவ்வளவு சாய்வும் விரிப்பும் வெச்சு அத்தன தூரம் ஓட்டுனா டயரு உள்பக்கமாவே தேஞ்சுரும். நீங்க அண்ணியக் கூட்டிட்டு இதுலயே போறவங்க. அதனாலதான் உங்களுக்கு அது போதும்னேன்."

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்டால் தாவூது பொய் சொல்வான் என்று பெருமாள்சாமியாகவே முடிவு கட்டியிருந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் தாவூது. நீங்களே பழையபடி வெச்சுக் குடுத்துருங்க" என்று சாவியை நீட்டினார்.

தாவூது கை நீட்டவில்லை.

"வேற ஆளைப் பாத்துக்குங்ணா. நான் வெச்ச சக்கரத்த நீங்க மறுபடியும் யாரையாச்சும் உட்டுத் திருப்புனா எனக்கெப்படித் தெரியும்? அண்ணி அதுல உக்காருவாங்களே."

பிறகு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, மயிலாளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வேனின் முன் சீட்டில் ஏற்றினார். பெருமாள்சாமி பின்னால் ஏறி, வண்டி தூக்கும் ஜாக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.