முப்பத்தொன்பது பல்

டிரைவர் வீரமலை திருச்சி பாலக்கரைக்குப் போனது ஜீப்பின் பின்பக்க ஆக்சில் வாங்குவதற்காக. ஆனால் போகும் வழியெல்லாம் அது கிடைத்துவிடக் கூடாதே என்றுதான் வேண்டிக்கொண்டு போனார். ஒரு டிரைவர் இப்படி வேண்டிக்கொண்டால் எந்தச் சாமிதான் காது கொடுக்கும்?

ஜீப் அவருடையதல்ல. ஸ்ரீரங்கத்தில் கடுக்காய் மண்டி வைத்திருக்கும் ரங்கசாமியுடையது. உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்தார் ஏலம் விட்ட வண்டிகளில் ஒன்று. பச்சைமலையிலிருந்து கடுக்காயும் புளியும் இறக்குவதற்கென்று எடுத்தார். பன்னிரண்டு வருஷமாக அதை மலையில் ஏற்றி இறக்குவது வீரமலைதான். மூட்டை மட்டும் இறங்கினால் பரவாயில்லை. காய்ச்சல்காரர், பாம்பு கடித்தவர், மரத்திலிருந்து விழுந்தவர் என்று மலையில் யாருக்கு என்ன வந்தாலும் ஜீப்பில்தான் கொண்டுவந்து போடுவார்கள். சிலர் துறையூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்தார்கள். சிலர் பாதி வழியிலேயே வீரமலையின் முதுகுக்குப் பின்னால் அடங்கிப்போனார்கள். பாதை என்று பேருக்குச் சொல்கிறோமே தவிர அது பாறையும் பள்ளமும்தான். ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே வலியால்தான் தெரிந்தது.

மார்கழியில் மலையூர்க்காரன் அம்மாசியின் மனைவி மயிலம்மாளைப் பிரசவ வலியோடு ஏற்றிக்கொண்டு இறங்கினார். இரட்டைப் பாறை வளைவில் பின் சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழுந்தபோது அடியில் படீரென்று ஒரு சத்தம். ஆக்சிலின் கூடு பிளந்து, உள்ளே பல் சக்கரம் நொறுங்கிக் கிடந்தது. கம்பளியில் தூளி கட்டி அவளைச் சுமந்துகொண்டு ஆண்கள் ஓடினார்கள். தாய் பிழைத்தாள். குழந்தை உயிரில்லாமல்தான் பிறந்தது.

மறு வாரம் அம்மாசி ஒரு பாட்டில் தேனோடு மண்டிக்கு வந்து, "உங்க மேல ஒரு குத்தமும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். ஏசியிருந்தால் வீரமலைக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும். மாசி பிறந்தும் தேன் பாட்டிலை அவர் இன்னும் திறக்கவில்லை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டார், இனி மலை வேண்டாம் என்று. ஆனால் அதை வாய் திறந்து யாரிடம் சொல்வது? ஆக்சில் கிடைக்கவில்லை என்றால் பேச்சே இல்லாமல் காரியம் முடிந்துவிடும்.

"பாய், ஜீப்பு பின் ஆக்சில் இருக்கா, இல்லையா? இல்லேன்னா சொல்லிடுங்க, நான் போயிட்டே இருக்கேன்" என்றார் பழைய சாமான் கடை காஜா மைதீனிடம்.

"இது என்னண்ணே, வரும்போதே கிளம்பறீங்க? அல்லா கிருபையில ஒண்ணுக்கு ரெண்டா இருக்கு. வாங்க."

கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் இரண்டு ஆக்சில்கள் கிடந்தன. ஒன்று பளபளவென்று கறுப்புப் பெயிண்டு அடித்தது. பம்பாயில் பூட்டி வருகிற புது மாடல் ஜீப்பினுடையது. துவாக்குடிப் பக்கம் புளியமரத்தில் மோதி முன்பாதி நசுங்கிப்போன வண்டி, பின்பாதி தப்பித்தது. இன்னொன்று பட்டாளத்து ஜீப்பினுடையது. துருவேறி, மேலே கோழி எச்சம் காய்ந்து, பார்க்கவே பிடிக்காமல் இருந்தது. பார்க்கப் பிடிக்காமல் இருந்ததே வீரமலைக்கு ஆறுதலாக இருந்தது.

"பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீங்க. பல்லை எண்ணுங்க" என்று காஜா மைதீன் இரண்டின் மூடியையும் கழற்றினார்.

முன் ஆக்சிலில் எத்தனை பல்லோ அத்தனைதான் பின் ஆக்சிலிலும் இருக்க வேண்டும். வீரமலையின் ஜீப்பில் முன்னால் இருப்பது முப்பத்தொன்பது. அவர் புதுசில் ஒரு பல்லுக்குச் சாக்கட்டியால் அடையாளம் போட்டு, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி எண்ணினார். நாற்பத்து மூன்று. அப்பாடா என்றிருந்தது. கோழி எச்சக்காரனை எண்ணினார். முப்பத்தொன்பது. எங்கேயாவது ஒன்று தப்பியிருக்கும் என்று மறுபடியும் எண்ணினார். முப்பத்தொன்பதேதான். பல்லில் ஒரு சொத்தை இல்லை, ஒரு தேய்மானம் இல்லை. வேண்டாத நேரத்தில் எல்லாம் எவ்வளவு ஒழுங்காக இருந்து தொலைக்கிறது!

"இதைப் போட்டா மலைக்கு ராஜா மாதிரி ஏறும்" என்றார் காஜா மைதீன். "புதுசைப் போட்டா முன் சக்கரம் ஒரு வேகத்துல சுத்தும், பின் சக்கரம் ஒரு வேகத்துல சுத்தும். மணல்ல வழுக்கிக்கிட்டுச் சரியாயிடும். பாறையில நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கறப்போ ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டி எதையாவது முறிச்சிடும். அதனால முன் சக்கரத்தைச் சுத்தற ஷாப்டைக் கழட்டிட்டுத்தான் ஓட்டணும். ரோட்டுக்குப் பிரச்சினையில்லை. மலையை மறந்துடணும். எதை ஏத்தட்டும்?"

எது வேண்டும் என்று வீரமலையைப் பார்த்து யாரும் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. தார் ரோடு, முதலாளி வீட்டம்மாவோடு சமயபுரம், கல்யாணத்துக்குத் தஞ்சாவூர், சாயங்காலம் வீட்டில் வெந்நீர் ஒத்தடம். முதுகுக்குப் பின்னால் யாரும் முனகாத வண்டி. நினைக்க நினைக்க அழுகை வரும்போல் இருந்தது.

"புதுசையே ஏத்துங்க பாய்."

"அப்ப மலை?"

"மலை போதும்."

காஜா மைதீன் வியாபாரி. அதற்கு மேல் கேட்கவில்லை. "அப்ப இந்தப் பழசை உறையூர் ராமர்கிட்ட தள்ளிடறேன். டயர் போட்ட மாட்டு வண்டி கட்ட ஆக்சில் வேணும்னு அலையறான்" என்று மட்டும் சொன்னார்.

பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனார் வீரமலை. மண்டியில் ரங்கசாமி கடுக்காயை உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மலைக்கு ஏற்றது கிடைக்கவில்லை, ரோட்டுக்கு ஏற்றதுதான் கிடைத்தது என்றார் வீரமலை. பொய் சொல்லும்போது காவேரிப் பக்கம் பார்த்துக்கொண்டார். முதலாளி சத்தம் போடுவார் என்று பயந்தது வீண்.

"சரி விடு. மூட்டையை முன்ன மாதிரி பொதிமாட்டுல இறக்கிக்கலாம். வண்டியும் மலையில கிடந்து சாகறதுக்கு, நம்ம வீட்டுப் பொம்பளைங்களாவது கோயில் குளம்னு போயிட்டு வரட்டும்" என்றார் ரங்கசாமி. "உனக்குத் தெரியாததா? நீ சொன்னாச் சரிதான்."

இத்தனை சுலபமா? இதற்காகவா பன்னிரண்டு வருஷம் இடுப்பை ஒடித்துக்கொண்டோம் என்று வீரமலைக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. மூட்டைக்கு மாடு உண்டு. மனிதர்களுக்கு? அதை முதலாளியும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் தென்னூர் பட்டறையில் ஃபிட்டர் பாக்கியநாதன், மலையிலிருந்து மாடு பூட்டி இழுத்து இறக்கி லாரியில் கொண்டுவந்திருந்த ஜீப்பைக் கட்டைமேல் தூக்கி நிறுத்திவிட்டு, முன்பக்க ஷாப்டைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினான். புது ஆக்சிலைத் தூக்கி வைத்து மாட்ட ஆரம்பித்தான். வீரமலை பக்கத்துக் கடை டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அம்மாசி வந்து நின்றான். மலையிலிருந்து துறையூர்வரை நடந்து, அங்கிருந்து பஸ்ஸில் வந்து, மண்டியில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தான். இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது.

"வண்டி ஆயிடுச்சுங்களா?" என்றான் சந்தோஷமாக.

"அம்மாசி, இங்க பாரு..." என்று வீரமலை டீ கிளாசைக் கீழே வைத்தார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவன் கைகளைப் பார்த்தார். "கையில என்ன காயம்?"

"கல்லு உடைச்சதுங்க. இரட்டைப் பாறை வளைவுல பள்ளத்தையெல்லாம் தூர்த்துட்டோம். நீட்டிக்கிட்டு இருந்த பாறையை நெருப்பு மூட்டித் தண்ணி ஊத்தி உடைச்சு, அந்தக் கல்லையே அடுக்கிட்டோம். மூணு ஊரு சனமும் வந்துச்சுங்க. இன்னும் ரெண்டு முழம் பாக்கி. வண்டி எப்ப வரும்னு கேட்டுட்டுப் போனா அதுக்குள்ள முடிச்சிருவோம்."

"வண்டி உடைஞ்சிடக் கூடாதுன்னா இதெல்லாம்?"

"வண்டிக்கா?" அம்மாசி தயங்கினான். "வண்டிக்கும்தாங்க. ஆனா மயிலம்மாதான் முதல்ல சொன்னா. அன்னிக்கி வலியில கெடந்தப்ப பார்த்தாளாம். வளைவுக்கு வளைவு டிரைவரண்ணன் பல்லைக் கடிச்சுக்கிட்டு இடுப்பைப் பிடிச்சுக்கறாரு, நமக்கு ஒருநாள் வலி, அவருக்கு வாராவாரம் வலின்னு. உடம்பு தேறினதும் அவளே கூடையில கல்லு சுமந்தாங்க. வேணாம்னாலும் கேக்கலை."

வீரமலைக்குக் கோபம் வந்தது. நிஜமாகவே கோபம்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவள் வீட்டில் கிடந்து அழ வேண்டாமா? அவளுக்கு எதற்கு அடுத்தவன் இடுப்பு? ஒரு வார்த்தை திட்டாமல், ஒரு கல்லை எடுத்து வண்டிமேல் எறியாமல், கல்லை அடுக்கி வைத்து மனிதனை இப்படியா வசமாக மாட்டிவைப்பது? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். துடைத்தும் நிற்கவில்லை.

"பாக்கியநாதா, அதை மாட்டாதே."

"பாதி போல்ட்டு முடுக்கியாச்சேண்ணே!"

"கழட்டு."

ஒரு கைவண்டியைப் பிடித்து, புது ஆக்சிலை ஏற்றி, அம்மாசியைத் தள்ளச் சொல்லிக்கொண்டு பாலக்கரைக்கு நடந்தார். கடை வாசலில் உறையூர் ராமரின் வண்டி புறப்படத் தயாராக நின்றது. கோழி எச்சத்து ஆக்சிலைக் கயிறு போட்டு மேலே கட்டியிருந்தார்கள். மாட்டை ஓட்ட ராமர் தார்க்குச்சியைக்கூட எடுத்துவிட்டான்.

"ராமரு, கொஞ்சம் நில்லுப்பா. அதை எனக்குக் குடுத்துடு. பதிலுக்கு இதை எடுத்துக்க."

ராமர் பளபளக்கும் ஆக்சிலைப் பார்த்தான். வீரமலையைப் பார்த்தான். "புதுசைக் குடுத்துட்டுப் பழசைக் கேக்கறீங்களே. இதுல என்னமோ வில்லங்கம் இருக்கு. எனக்கு வேணாம்ங்க."

"வில்லங்கம் எல்லாம் பல்லுலதான். உனக்கு எதுக்குப் பல்லு? எப்படியும் உள்ள இருக்கறதைக் கழட்டி எறியத்தானே போறே?"

"அதான் பழசே போதும்ங்கறேன்."

எங்கே அவன் மாட்டை ஓட்டிவிடுவானோ என்று வீரமலை வண்டியின் நுகத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எந்த ஆக்சில் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாரோ, அதற்காக நடுத்தெருவில் மாட்டுக்கு முன்னால் நின்றார். இடுப்பு விண்ணென்று தெறித்தது. காஜா மைதீன் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"ராமரு, நான் பொறுப்பு. நல்ல சரக்கு, ஒரு கீறல் கிடையாது. அண்ணன் மலைக்குப் போகணும், அதான் கேக்கறாரு. மாத்திக்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மலை போதும்னீங்களே?" என்றார் வீரமலையிடம்.

"போதும்தான் பாய். அவங்க விட்டாத்தானே?"

ராமர் கடைசியில் கயிற்றை அவிழ்த்தான். அந்தப் புது ஆக்சில், பம்பாய்ப் பெயிண்டோடு, உறையூரில் வைக்கோல் ஏற்றும் மாட்டு வண்டிக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் மண்டிக்குப் போய், "மலைக்கு ஏத்தது நேத்தே கிடைச்சுது முதலாளி. நான்தான் வேணாம்னு விட்டேன். இப்ப அதையே எடுத்துட்டேன்" என்றார். ரங்கசாமி கணக்குப் பிள்ளையையும் கடுக்காயையும் மாறி மாறிப் பார்த்தார். "போறவன் நீ. உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டம்மாவின் சமயபுரப் பயணம் கைவிட்டுப் போனதில் அவருக்கு வருத்தம்தான்.

அடுத்த வாரம் ஜீப் பச்சைமலை ஏறியது. பக்கத்து ஸீட்டில் அம்மாசி உட்கார்ந்திருந்தான். இரட்டைப் பாறை வளைவு வந்ததும் வீரமலை நாலு சக்கரமும் இழுக்கும் குட்டி கியரைப் போட்டார். முன்னும் பின்னும் சேர்ந்து இழுத்தது. முரண்டு இல்லை, முறுக்கல் இல்லை. வளைவின் இரண்டு பக்கமும் சனங்கள் கையில் மண்வெட்டியும் கூடையுமாக ஒதுங்கி நின்றார்கள். அவர்களில் தலையில் சும்மாடோடு மயிலம்மாளும் நின்றாள். எல்லாரும் சக்கரத்தைப் பார்த்தார்கள். அவள் மட்டும் வீரமலையின் முகத்தைப் பார்த்தாள்.

பாவம், வேலை தெரியாத சனங்கள். கல்லை அடுக்கத் தெரிந்த அளவுக்கு மட்டம் பார்க்கத் தெரியவில்லை. பழைய பள்ளத்தில் வண்டி ஒருமுறை விழுந்து எழும். இப்போது கல்லுக்குக் கல் தூக்கித் தூக்கிப் போட்டது. வளைவு முடிவதற்குள் வீரமலையின் இடுப்பு இரண்டாகப் பிளந்துவிட்டது. அவர் பல்லைக் கடிக்கவில்லை. கையை ஸ்டியரிங்கை விட்டு எடுக்கவில்லை.

"இப்ப எப்படிங்கண்ணே, வலிக்குதா?" என்று அவள் ஓரத்திலிருந்து கேட்டாள்.

"இல்லம்மா. துளிகூட இல்ல" என்றார் வீரமலை.