சுத்தம் செய்த குரல்

சிறையில் இருக்கும் அப்பாக்கள் கதைப் புத்தகம் வாசிப்பதை ஒலிப்பதிவு செய்து, புத்தகத்தோடு சேர்த்து அவர்களுடைய பிள்ளைகளுக்கு அனுப்பும் அறக்கட்டளை எங்களுடையது. பதிவைச் சுத்தம் செய்வது என் வேலை. இரும்புக் கதவு, விசில், பக்கத்து அறைச் சண்டை எல்லாவற்றையும் வெட்டி எறிவேன். பிள்ளையின் காதில் அப்பாவின் குரல் மட்டும்தான் விழ வேண்டும். இந்த வேலையில் என்னை அடிக்க ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

பெயின்டரின் பதிவு வந்தபோது தலையில் கை வைத்துக்கொண்டேன். சிறைக்குள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு பக்கப் புத்தகத்தை நாற்பது நிமிடம் வாசித்திருந்தார். மனிதருக்குத் திக்குவாய். வரிக்கு வரி சிக்கி, நின்று, காத்திருந்து, மறுபடி தொடங்கினார். பெற்ற மகளிடம் போய் இப்படியா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து திக்கலையும் இடைவெளியையும் ஒவ்வொன்றாக வெட்டினேன். ஒன்பது நிமிடத்தில் கதை தங்குதடையில்லாமல் ஓடியது. பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டுப் போட்டும் காட்டினேன். மூலப்பதிவை அன்றே அழித்துவிட்டேன். மற்ற கைதிகளின் பேச்சு எதுவும் வெளியே போகக்கூடாது என்று சிறையில் போட்ட நிபந்தனை அது.

மூன்றாவது வாரம் பெயின்டர் சிறை மருத்துவமனையில் இறந்துபோனார். நுரையீரலாம்.

பத்து நாள் கழித்து அவர் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். வேறு பதிவு இருக்கிறதா என்று கேட்டார். வீட்டில் அவர் குரல் வேறு எதிலுமே இல்லையாம். நாங்கள் அனுப்பியதைப் பிள்ளை ஒருமுறை கேட்டதோடு சரி, அப்புறம் தொடவே இல்லையாம்.

அவர்கள் வீட்டுக் கருவி சரியில்லை என்றுதான் அப்போதும் நினைத்தேன், மடையன். நல்ல ஸ்பீக்கரில் போட்டேன். ஏழு வயதுப் பெண். புத்தகத்தை மடியில் விரித்து, முதல் வரியில் விரலை வைத்துக்கொண்டாள். ஒரு சொல்லுக்கு வாயைத் திறந்தாள். அதற்குள் குரல் அதைத் தாண்டிப் போய்விட்டது. இன்னொரு சொல்லுக்குத் திறந்தாள். அதுவும் போனது. பிறகு விரலை எடுத்துவிட்டாள்.

அம்மாதான் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அவருக்கு வார்த்தை சிக்கிக்கிட்டா இவதான் சார் எடுத்துக் கொடுப்பா. அவரும் இவ சொல்ற வரைக்கும் காத்திருப்பாரு. இவ படிக்கக் கத்துக்கிட்டதே அப்படித்தான்."

நான் வெட்டி எறிந்த முப்பத்தொரு நிமிடமும் இவளுக்காக அவர் காத்திருந்த நேரம்.

கதை முடிந்தது. பெண் புத்தகத்தை மூடினாள்.

"இவரு நல்லா படிக்கிறாரு அங்கிள். எங்க அப்பா படிச்சது எங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. அவள் அவசரப்படுத்தாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழிஞ்சிடுச்சா?" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள்.