விளக்குக்குக் காது கிடையாது

நெருப்பைக் கண்டுபிடித்த அந்தப் பெயர் தெரியாத ஆதிமனிதனுக்குப் பிறகு, இருட்டை முறையாகக் கையாளத் தெரிந்த இரண்டாவது மனிதப் பிறவி தான்தான் என்பதில் அந்த எலக்ட்ரீஷியனுக்குத் துளிச் சந்தேகமும் இருந்ததில்லை. இடையில் பல்பு, பேட்டரி என்று எதையெதையோ கண்டுபிடித்தவர்களை அவர் உதவியாளர்கள் கணக்கில் வைத்திருந்தார். இதனால் தொழில் வட்டாரத்தில் அவருக்கு ‘விஞ்ஞானி’ என்று பெயர். கேலியாக வைத்ததுதான். அவர் அதை விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டார்.

விஞ்ஞானிக்கு உலகத்தில் பிடிக்காத விஷயம் ஒன்றே ஒன்று: அவருடைய மச்சான் விளக்குகளோடு பேசுவது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், தொழிலில் கூட்டாளி. இருவரும் சேர்ந்து ஓர் ஆறு மாடி அலுவலகக் கட்டடத்தில், கரண்ட் போனால் தானாக எரிகிற அவசர விளக்குகள் முப்பத்தெட்டைப் பொருத்தி முடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குச் சோதனை. மெயினை அணைத்ததிலிருந்து மூன்று மணி நேரம் அத்தனை விளக்கும் தன் பேட்டரியிலேயே எரிய வேண்டும். ஒன்று அணைந்தாலும் போச்சு. ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, மறுநாள் சாயங்காலம் மறுபடி முதலிலிருந்து.

மெயின் அணைந்தது. ஜன்னலே இல்லாத மாடிப்படியில் விளக்குகள் விழித்துக்கொண்டன. மச்சான் ஆரம்பித்துவிட்டார்.

“வாம்மா, வா. படிக்கட்டுக்கு நீதான் பொறுப்பு. பெரியப்பா, நீங்க லிஃப்ட் வாசலப் பாத்துக்குங்க. ஏய் குட்டி, கக்கூஸ் பக்கம் போட்டுட்டாங்கன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத.”

“மச்சான், அதுக்குக் காது கிடையாது,” என்றார் விஞ்ஞானி. “நானே பிரிச்சுப் பாத்திருக்கேன்.”

“எனக்குந்தான் ரெண்டு காது இருக்கு மாப்ள. நீ சொல்றத என்னிக்காவது கேட்டிருக்கனா?”

கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்த கட்டட மேலாளர் அம்மா பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். “ஏன் சார், இவரு பேசலைன்னா எரியாதா?”

“பேசலைன்னாதாங்க நிம்மதியா எரியும். விளக்குகிட்டப் போய்க் கெஞ்சுறவனுக்கெல்லாம் இந்தத் தொழில்ல இடமே குடுக்கக் கூடாது. லைசென்ஸப் பிடுங்கிட்டு வீட்டுக்கு அனுப்பணும்.”

லைசென்ஸ் இருந்தது விஞ்ஞானி ஒருவரிடம்தான். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் அவர் கூடவே நின்று கையெழுத்துப் போட வேண்டும்.

நாலேகாலுக்கு மகள் போன் செய்தாள்.

“அப்பா, நாளைக்கு அஞ்சு மணிக்கு என் நீச்சல் போட்டி. வருவல்ல?”

“வராம?”

“போன தடவையும் ‘வராம’ன்னுதான் சொன்ன. அதுக்கு முந்தின தடவையும். ரெண்டு தடவையும் எங்கயோ ஒரு விளக்கு அணைஞ்சுபோச்சு. இந்தத் தடவையும் வரலைன்னா, எங்கப்பா கப்பல்ல வேல பாக்குறாருன்னு கிளாஸ்ல சொல்லிடப்போறேன். அதுதான் கௌரவமா இருக்கும்.”

விஞ்ஞானி சிரித்தார். போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து எடுக்க மறந்துபோய்க் கொஞ்ச நேரம் நின்றார்.

நாலே முக்காலுக்கு நாலாவது மாடிக்கு ஏறினார். பல் டாக்டர் கிளினிக் வாசல் விளக்கு மங்கியிருந்தது. நேற்று அதன் லைனை அணைத்துவிட்டுப் பக்கத்துச் சுவரில் துளை போட்டவர் அவர்தான். பிறகு, மச்சான் விளக்குகளைக் கொஞ்சுவதை வாட்ச்மேனுக்கு அபிநயத்தோடு நடித்துக் காட்டிய உற்சாகத்தில், லைனைத் திரும்பப் போட மூன்று மணி நேரம் மறந்தவரும் அவர்தான். அதில் தீர்ந்த பேட்டரி இன்னும் முழுசாக ஏறியிருக்கவில்லை.

இப்போது தொடக்கூடாது. தொட்டால் சோதனை செல்லாது. ஆறாவது மாடியில் மச்சான் யாரையோ “சமத்து, சமத்து” என்று பாராட்டிக்கொண்டிருந்தார்.

விஞ்ஞானி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விளக்கு ஒருமுறை துடித்தது. அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஒரு தகவலுக்காகச் சொல்றேன்,” என்றார், அரசாங்கக் கடிதம் வாசிக்கிற குரலில். “இன்னும் பதினொரு நிமிஷம் இருக்கு.”

விளக்கு இன்னும் மங்கியது.

“சரி. நேத்து லைன நிறுத்தினது நான்தான். தப்புதான். வெளிய சொல்லாத.”

அது மங்கியபடியே நின்றது. ஆனால் நின்றது. விஞ்ஞானி ஒரு படி நெருங்கினார்.

“கண்ணு, அவ முதலாவதால்லாம் வர மாட்டா. பாதி தூரத்துல நின்னு கரையில யார் இருக்காங்கன்னு பாப்பா. அங்க நான் நிக்கணும், அவ்வளவுதான். அஞ்சு வரைக்கும் பல்லக் கடிச்சுக்க. டாக்டர் வாசல்லதான இருக்க, பல்லுக்கு ஒண்ணும் ஆகாது.”

கடைசி இரண்டு நிமிடம் அவர் மூச்சு விட்டாரா என்பது யாருக்கும் தெரியாது.

“சார்!” கீழேயிருந்து மேலாளர் கத்தினார். “அஞ்சு மணி ஆயிடுச்சு! நாலாவது மாடி எரியுதா?”

“எரியுதுங்க!” விஞ்ஞானியின் குரல் வழக்கத்தைவிட இரண்டு கட்டை மேலே போயிருந்தது.

மச்சானின் செருப்புச் சத்தம் படியிறங்கி வந்தது. அது ஐந்தாவது மாடியைத் தாண்டுவதற்குள் விஞ்ஞானி கால் கட்டைவிரலில் எம்பி, விளக்கின் பக்கம் வாயைக் கொண்டுபோனார்.

“செவ்வாக்கிழம வர்றேன்,” என்றார் ரகசியமாக. “போட்டியில என்ன ஆச்சுன்னு உன்கிட்டதான் முதல்ல சொல்வேன்.”