நான் அடித்த குறி

எழுத்தே இல்லாத அறிவிப்புகளை அடிப்பதுதான் மலேசியாவில், குருபோங் ரப்பர் தொழிற்சாலையில் என் வேலை. சிரிக்காதீர்கள். நேப்பாளி, வங்காளி, மலாய்க்காரர், நம்மாள் என்று தளத்தில் ஆளுக்கொரு பாஷை; எதில் எழுதினாலும் பாதிப் பேருக்குப் புரியாது. அதனால் ஒரு படம், ஒரு குறி, ஓர் எண். மூன்றில் ஒன்று தப்பினாலும் திருத்திச் சொல்ல அங்கே வேறு வார்த்தை கிடையாது.

வியாழக்கிழமை காலை மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். மூன்றாம் நம்பர் டிரம்மின் பூட்டு கெட்டுவிட்டதாம். டிரம் என்றால் ரப்பரை நீராவியில் வேகவைக்கிற இரும்புத் தொட்டி, ஆளுயரம் இருக்கும். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை கதவைத் திறக்க விடாமல் பிடித்துக்கொள்வது அந்தப் பூட்டுதான். புதுசு வரும்வரை வேலையை நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை.

"ஒரு நோட்டீஸ் அடிச்சு ஒட்டிரு ஷெர்லீன். செப்பாட் லா," என்று அவசரப்படுத்தினார்.

திறந்த கதவின் படம். பக்கத்தில் ≤ 0.1 பார். பார் என்பது அழுத்தத்தின் அளவு; அது 0.1 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மட்டும் திற என்று அர்த்தம்.

அந்தக் குறி கீபோர்டில் இல்லை. ஆல்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு வலது பக்க எண்களில் மூன்று இலக்கம் தட்ட வேண்டும். அதை மஞ்சள் தாளில் எழுதிக் கீபோர்டிலேயே ஒட்டி வைத்திருந்தேன். முந்தின நாள் புதுக் கீபோர்டைக் கொடுத்துவிட்டுப் பழையதைத் தாளோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எத்தனை தடவை அடித்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா என்ன? 242 தட்டினேன். ஒரு குறி வந்தது. மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததால் அதை நின்று பார்க்கவில்லை. லேமினேட் செய்து கொடுத்துவிட்டேன்.

மத்தியானம் மூன்றேகாலுக்குக் கிடங்கிலிருந்து இன்னொரு நோட்டீஸ் கேட்டார்கள். இருபது கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் இரண்டு பேர் தூக்க வேண்டும். 'அதற்கு மேல்' குறிக்கு 243 தட்டினேன். திரையில் ≤ வந்தது.

மறுபடி தட்டினேன். ≤ தான். 242 தட்டினேன். ≥ வந்தது.

காலையில் அடித்த கோப்பைத் திறந்தேன். கதவுப் படம், பக்கத்தில் ≥ 0.1. அழுத்தம் மேலே இருந்தால் திற என்று நான் சொல்லியிருக்கிறேன்!

முதலில் வேலை போய்விடுமே என்றுதான் பயந்தேன். பொய் சொல்ல மாட்டேன். அப்புறம்தான் கெல்வின் ஞாபகம் வந்தது. என் புருஷன். பேக்கிங்கில் வேலை செய்கிற அவரை அன்றைக்கு மட்டும் மூன்றாம் நம்பருக்கு மாற்றியிருந்தார்கள், அங்கே நிற்கிற ஆள் லீவு. சாப்பாட்டு நேரத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு அந்த மிஷின் ஒன்னும் தெரியாது லா. நீ அடிச்ச நோட்டீஸ் இருக்குல்ல, அத பாத்து செஞ்சிருவேன்."

மூன்றரைக்கு டிரம்மில் மணி அடிக்கும்; அடித்ததும் கதவைத் திறப்பார்கள். தளத்தில் யாரிடமும் கைப்பேசி இருக்காது, எல்லாம் லாக்கரில். தளத்துப் போனை அடித்துப் பார்த்தேன். அந்த இரைச்சலில் யார் எடுப்பார்கள்? ஓடினேன்.

தளத்து வாசலில் சூப்பர்வைசர் சுகுமாரன் அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஹெல்மெட் எங்க தங்கச்சி?"

"அண்ணே, மூணாம் நம்பர்! திறக்க வேணாம்னு சொல்லுங்க!"

"என்னாது?" அவர் காதில் அடைப்பு. கையை உதறிக்கொண்டு ஓடினேன். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை.

கெல்வின் எனக்கு முதுகு காட்டி நின்றார். மணி அடித்துவிட்டது. கை கதவுச் சக்கரத்தில் இருந்தது. மீட்டர் முள் இரண்டில் நின்றது. கத்தினேன், அவர் காதிலும் அடைப்பு. சக்கரம் கொஞ்சம் திரும்பியது. கதவோரத்தில் வெள்ளையாக ஆவி சீறியது. அவர் திடுக்கிட்டு நிறுத்தினார். மீட்டரைப் பார்த்தார், என் நோட்டீஸைப் பார்த்தார், மறுபடி சுற்றினார்.

சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். அவர் முகம் இருந்த இடத்தில் ஆவி பீறிட்டது. என் பின்னாலேயே ஓடிவந்த சுகுமாரன் அண்ணன் சிவப்புப் பொத்தானை அடித்தார். ஆவி அடங்க எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. நான் சட்டையை விடவே இல்லை.

கெல்வின் காதடைப்பைக் கழற்றினார். "நோட்டீஸ்படிதான செஞ்சேன்?"

"நோட்டீஸே தப்புங்க. நான்தான் மாத்தி அடிச்சிட்டேன்."

"ஆவி வந்தப்ப எனக்கே பயமா இருந்துச்சு லா," என்றார். "ஆனா நீ அடிச்சதாச்சே. அதான் இன்னொரு சுத்து சுத்துனேன்."

அவர் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்றாம் நம்பரை நிறுத்திவிட்டார்கள். மற்ற டிரம்களுக்கும் இப்போதே சரியான நோட்டீஸ் வேண்டும் என்றார் மேனேஜர். உட்கார்ந்து 243 தட்டினேன். ≤ வந்தது. பார்த்தேன். பார்க்கப் பார்க்க அது தலைகீழாகத் தெரிந்தது. எந்தப் பக்கம் பெரியது, எந்தப் பக்கம் சின்னது என்று ஒன்றும் பிடிபடவில்லை.

கெல்வின் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இது சரியா இருக்கா, பாருங்க."

அவர் திரைப் பக்கம் திரும்பவே இல்லை. "நீ சரின்னா சரிதான் லா."

பிரிண்ட் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"ஸ்கிரீன பாத்துட்டு சொல்லுங்க," என்றேன். அழுகை வந்துவிட்டது.