புரொப்ரைட்டர் காந்திமதியின் புக்கெட் பயணம்

கிழக்குத் தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகிற சாலையில் காந்திமதி பெயின்ட்ஸ் என்று ஒரு கடை இருந்தது. போர்டின் அடியில் மஞ்சள் எழுத்தில் 'புரொப்ரைட்டர்: த. காந்திமதி' என்று எழுதியிருக்கும். பெண்டாட்டி மேல் வைத்த பிரியத்தில் அவள் பேரை வைத்திருக்கிறார் என்று யாராவது நினைத்தால் அது அவர்களுடைய நல்ல மனசு. தட்சிணாமூர்த்திக்கு அரசாங்க உத்தியோகம். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் தன் பேரில் வியாபாரம் பண்ணக் கூடாது. அதனால் கடை பெண்டாட்டி பேரில் இருந்தது.

பேர் மட்டும் அவளுடையது என்று சொல்வதும் சரியில்லை. உழைப்பும் அவளுடையதுதான். காலை ஒன்பதுக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு ஒன்பதுக்கு இறக்குகிறவரை அவள்தான் நிற்பாள். எந்தச் சுவருக்கு எந்த பிரைமர், வெளிர்நீலத்தில் எத்தனை சொட்டு கறுப்பு விட்டால் மழைக்கால வானத்து நிறம் வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. தட்சிணாமூர்த்தி ஆபீஸ் விட்டு ஏழு மணிக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்து, பெரிய பார்ட்டி யாராவது வந்தார்களா என்று முதலாளி தோரணையில் விசாரிப்பார். பேங்க், சேல்ஸ் டாக்ஸ், கம்பெனிக்கு எழுதுகிற கடிதங்கள் எல்லாம் அவர் இலாகா. மாதம் பிறந்தால் லெட்டர் பேடில் பத்துப் பன்னிரண்டு தாளைக் கிழித்து அவள் முன்னால் வைப்பார். எல்லாம் வெற்றுத்தாள். அவள் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். மேலே வேண்டியதை அவர் பிறகு நிதானமாக டைப் அடித்துக்கொள்வார். பதினோரு வருஷமாக அவள் போட்டுக்கொண்டே இருந்தாள். பெண்டாட்டி பேரில் நடக்கிற கடைகளில் பாதிக்கு மேல் இதுதான் வழக்கம் என்பதால், அவளை மட்டும் ஏமாளி என்று சொல்வது நியாயமில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் சேலையூர், மேடவாக்கம் பக்கம் ஏரியோரம் வயலோரம் என்று பார்க்காமல் வீடு கட்டித் தள்ளினார்கள். கட்டினவனெல்லாம் வெள்ளையடித்தாக வேண்டுமே. அந்த செப்டம்பரோடு முடிந்த ஆறு மாதத்தில் கம்பெனி வைத்த இலக்கைத் தாண்டி விற்றவர்கள் தென்சென்னையில் பதினெட்டுப் பேர். அதில் காந்திமதி பெயின்ட்ஸும் ஒன்று. கம்பெனியின் சேல்ஸ் பிரதிநிதி ஜெபராஜ், வழவழவென்று நாலு பக்கக் கலர் தாள் ஒன்றைக் கொண்டுவந்து கவுன்டரில் விரித்தார். தாய்லாந்தில் புக்கெட் தீவு. ஜனவரி இருபத்திரண்டு முதல் இருபத்தாறு வரை, நாலு ராத்திரி ஐந்து பகல். புரொப்ரைட்டரும் உடன் ஒருவரும், கம்பெனி செலவில்.

"புரொப்ரைட்டர்னா நீங்கதான் மேடம்" என்றார் ஜெபராஜ்.

அந்த வார்த்தையைப் பதினோரு வருஷத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. இரண்டு டீ வரவழைத்துக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து காந்திமதிக்கு வேறு நினைப்பில்லை. மகனுடைய அட்லஸை எடுத்துப் புக்கெட்டைத் தேடிப் பிடித்தாள். கன்னியாகுமரியிலிருந்து நேர் கிழக்கே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தால் இலங்கையைத் தாண்டி, நிக்கோபார் பக்கமாகப் போய் அந்தத் தீவில் முட்டியது. கடல் அவளுக்குப் புதிதில்லை. கோவளம் போயிருக்கிறாள், மகாபலிபுரம் போயிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் மற்றவர்கள் செருப்பையும் கைப்பையையும் பார்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். புக்கெட்டில் அப்படி உட்காரப் போவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டாள்.

பெயின்ட் நிறங்களைக் காட்டுகிற பழைய ஷேடு கார்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம் போட்டாள். முதல் நாள் பாங்காக் வரை ஒரு விமானம், அங்கிருந்து சின்ன விமானம். இரண்டாம் நாள் படகில் போய், கடல் நடுவே சுவர் மாதிரி நிற்கிற பாறைகளைப் பார்ப்பது. படகில் குமட்டாமலிருக்க மாத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் குட்டித் தீவு ஒன்றில் மணலிலேயே சாப்பாடு. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, கவிச்சி ஆகாது. அங்கே கீரையில்கூட மீன் சாறு ஊற்றுவார்களாம். அன்று பழம் மட்டும் என்று எழுதினாள். நாலாம் நாள் கம்பெனி மீட்டிங், ராத்திரி விருந்து. அதற்கு மாம்பழக் கலர் பட்டு. படகில் ஏறி இறங்கப் புடவை சரிப்படாது என்று, நாற்பத்திரண்டு வயதில் முதல்முதலாக, தாம்பரம் மார்க்கெட்டில் இரண்டு சுடிதார் எடுத்தாள். கடைக்காரப் பையன் "பொண்ணுக்கா?" என்று கேட்டதற்கு "ஆமா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர், வெளிநாடு எதற்கு என்று கேட்டார். கம்பெனி கூப்பிட்டிருக்கிறது என்றாள். அப்படிச் சொன்னது அவளுக்கே பிடித்திருந்ததால், பிறகு பெயின்டர் குப்புராஜிடமும், எதிர்ச்சாரி மருந்துக்கடையிலும், கேட்காதவர்களிடமும் அதையே சொன்னாள்.

தட்சிணாமூர்த்திக்குத்தான் சிக்கல். அரசாங்க ஊழியர் பாஸ்போர்ட் வாங்க ஆபீஸில் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். யார் செலவில் போகிறாய் என்று கேட்பார்கள். தோண்டினால் கடை வெளியே வரும். ஒரு வாரம் உர்ரென்று இருந்துவிட்டு, எனக்கு வழியில்லை என்றார். காந்திமதி அதற்கும் வழி வைத்திருந்தாள். படப்பை டீலர் கனகவல்லி தன் புருஷனோடு வருகிறாள். அவர்களோடு சேர்ந்து தான் மட்டும் போய்வந்துவிடுவதாகச் சொன்னாள். பொங்கல் முடிந்தால் வியாபாரம் மந்தம்தான், அந்த ஐந்து நாளும் கடையைச் சாயங்காலம் மட்டும் திறந்தால் போதும், குழம்பு வைத்து ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டுப் போகிறேன் என்றாள். தட்சிணாமூர்த்தி "பாக்கலாம்" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஆசை கண்ணை மறைத்தது. டிசம்பர் முதல் வாரத்தில் பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. அதை அவரிடமே கொடுத்து, கம்பெனிக்கு அனுப்பிவிடச் சொன்னாள்.

இன்னொன்றும் மிச்சமிருந்தது. நாள் எண்ணிப் பார்த்தால் சரியாக இருபத்துமூன்றாம் தேதி அவளுக்குத் தூரம் வரும். குட்டித் தீவும் கடலும் இருக்கிற நாளில் அறைக்குள் முடங்க அவள் தயாராக இல்லை. கேம்ப் ரோடு லேடி டாக்டரிடம் போய், கூச்சத்தை விட்டு, தள்ளிப்போட மாத்திரை எழுதி வாங்கி வந்தாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, நல்லா நீந்திட்டு வாங்க என்றாளாம். அதை அன்றிரவு சாப்பாடு போடும்போது அவரிடமும் சொன்னாள். அவர் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு நாள் கழித்து ஜெபராஜ் ஒரு கேக் பொட்டலத்தோடு கடைக்கு வந்தார். அவள் ஸ்டூல் மேல் ஏறி மேல்தட்டிலிருந்து நாலு லிட்டர் டின் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தாள். அவர் பதறிப்போய் டின்னை வாங்கிக் கீழே வைத்தார்.

"என்ன மேடம் இது. ஆபரேஷன் ஆகி ரெண்டு வாரம்தான் ஆச்சு, வெயிட் தூக்கறீங்க."

எந்த ஆபரேஷன் என்று கேட்டாள். ஜெபராஜ் சங்கடப்பட்டார். ஆண்பிள்ளை வாயால் எப்படிச் சொல்வது என்று தயங்கிவிட்டு, பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்துக் கொடுத்தார். காந்திமதி பெயின்ட்ஸ் லெட்டர் பேட். தேதி டிசம்பர் பன்னிரண்டு. புரொப்ரைட்டராகிய எனக்குக் கர்ப்பப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை நடந்துள்ளது, மூன்று மாதம் முழு ஓய்வில் இருக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார், ஆகவே எனக்குப் பதிலாக என் மைத்துனர் சம்பத்தையும் அவர் மனைவியையும் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். எல்லாம் ஆங்கிலத்தில். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள்தான், மெதுவாகப் படித்தாலும் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. அடியில் கையெழுத்து அச்சு அசலாக அவளுடையது. அது அவளே போட்டது.

சம்பத் தட்சிணாமூர்த்தியின் தம்பி. மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. நவம்பரில்தான் கல்யாணம் ஆனது. துபாய் போகிறேன் என்று அவன் எப்போதோ பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தான். பெண்ணின் அப்பா மஸ்கட்டில் இருந்தவர் என்பதால் அவளிடமும் பாஸ்போர்ட் இருந்தது.

காந்திமதி ஜெபராஜிடம் ஒன்றுதான் கேட்டாள். பேரை மாற்ற முடியுமா? விசாவுக்கு எல்லோருடைய பேரும் போய்விட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று என்றார் அவர். அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, கடிதம் பொய் என்று தான் மேலே சொன்னால் டீலர்ஷிப்புக்கே ஆபத்து வரலாம், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனுஷன். அவரால் ஆனது அவ்வளவுதான். கேக்கை வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு ஏழு மணிக்கு தட்சிணாமூர்த்தி வந்ததும் அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தாள். மாட்டிக்கொண்டோமே என்கிற வெட்கம் கொஞ்சமாவது முகத்தில் தெரியும் என்று எதிர்பார்த்தாள். அவருக்கு எரிச்சல்தான் வந்தது. சாவகாசமாகச் சொல்லலாம் என்றிருந்தேன், அதற்குள் அந்த ஆள் முந்திக்கொண்டான் என்றார்.

"சின்னஞ்சிறுசுங்க, போய்ட்டு வரட்டுமே. இந்த வயசுல கடல்ல இறங்கி நீ இன்னா பண்ணப்போற? புருஷன் இல்லாம தனியா ஃபாரின் போனாளேன்னு நாலு பேர் பேசுறதுக்கா?"

"அது இருக்கட்டும். கர்ப்பப்பைய எடுத்துட்டாங்கன்னு எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"ஜுரம், தலைவலின்னு எழுதினா கம்பெனிக்காரன் ஒத்துக்குவானா? நீதான் லேடி டாக்டராண்ட போய்ட்டு வந்தேன்னு சொன்ன. அத வச்சு எழுதினேன்."

டிக்கெட்டைத் தம்பிக்குக் கொடுத்ததைக்கூட ஒருவிதமாக மன்னித்திருப்பாள். அவள் வெட்கத்தை விட்டு, சந்தோஷத்தில் சொன்ன ஒரு விஷயத்தை இந்த மனுஷன் தட்டைப் பார்த்தபடி கேட்டு, மடித்து வைத்து, வேண்டியபோது எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார். இப்படிப்பட்டவரோடா பதினெட்டு வருஷம் ஒரே பாயில் படுத்தோம் என்று தோன்றியது. அதைவிட, ஒரு தாளையாவது இது என்ன என்று கேட்காமல் கையெழுத்துப் போட்ட தன் கை மேல்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

வீட்டுக்குத் திரும்பினால் சம்பத்தும் பெண்டாட்டியும் ஸ்வீட் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் குழந்தை மாதிரி. ஓடிவந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிளேன் என்றால் உங்களுக்குப் பயமாம், நீங்களே எங்களை அனுப்பச் சொன்னீர்களாமே, எங்க வீட்டில் எல்லோரும் உங்களைத்தான் பேசுகிறார்கள் அக்கா என்றாள். படகுக்கு என்ன போட்டுக்கொண்டு போவது, அங்கே சாப்பாடு எப்படி, உங்களுக்கு எல்லாம் தெரியுமாமே என்று அடுக்கினாள். தட்சிணாமூர்த்தி பேப்பரை உயர்த்திப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் மேல் கோபப்பட வழியில்லை. குமட்டலுக்கு மாத்திரை வாங்கிக்கொள், வெள்ளிக்கிழமை பழம் சாப்பிடு என்று காந்திமதி சொல்லிக் கொடுத்தாள். சொல்லச் சொல்ல, ஒவ்வொரு நாளும் தன் கையை விட்டுப் போனது.

மறுநாள் சனிக்கிழமை. பொங்கலுக்கு இன்னும் இரண்டரை வாரம்கூட முழுசாக இல்லை. வருஷத்திலேயே பெயின்ட் அதிகம் போகிற நாட்கள். அவருக்கு அன்றும் ஆபீஸ் உண்டு. எட்டரை மணிக்கு அவர் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அடுப்பு எரியவில்லை. காந்திமதி கட்டிலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். உடம்பு சரியில்லையா என்றார். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒன்பதரைக்குக் குப்புராஜ் சைக்கிளில் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான்.

"இன்னா சார், கட தொறக்கலியா? பத்து பேரு நின்னுகினு கீறாங்க. அம்மா இல்லாம கலரு யாரு கலந்து குடுப்பா?"

அவனை ஏதோ சொல்லிப் பூசி மெழுகி அனுப்பிவிட்டு உள்ளே வந்தார். கெஞ்சினார். அதட்டினார். சம்பத்தை உட்காரவைக்கலாம் என்றால் அவன் லீவையெல்லாம் புக்கெட்டுக்கென்று சேர்த்து வைத்திருக்கிறான். இவருக்கோ எந்த டின் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. இதனால் அவளுக்குச் சந்தோஷம் ஒன்றும் வந்துவிடவில்லை. படுத்துக்கிடப்பதால் கடல் வந்துவிடப் போகிறதா என்ன. ஆனாலும் எழுந்திருக்க உடம்பு மறுத்தது.

"எத்தினி நாளைக்கு இப்படி?" என்றார் கடைசியில்.

"மார்ச் பன்னெண்டு வரைக்கும்."

"ஒண்ணும் ஆவாத பொம்பள மூணு மாசம் படுத்துகினு கெடந்தா ஊரே காறித் துப்பும், காந்தி."

காந்திமதி தலையணைக்கு அடியிலிருந்து அந்த ஜெராக்ஸ் தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"ஒண்ணும் ஆவலியா? கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன், பாருங்க."

அவர் தாளை வாங்கவில்லை. அவள் அதைக் கட்டிலின் மேலேயே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.