அப்பாவின் வேர்

மனிதகுலத்தின் பல்வேர்களுக்கு விடிவுகாலம் பிறந்துவிட்டதாகப் பேராசிரியர் அறிவித்தார். கேட்க வந்திருந்தவர்களில் பாதிப் பேர் டீக்காக வந்தவர்கள். வேர் சிகிச்சையின்போது பல்லுக்குள் ஊற்றிக் கிருமியைக் கொல்ல ஒரு புதுக் கழுவுநீரைக் கண்டுபிடித்திருந்தார் அவர். இத்தனை காலமும் அந்த வேலையைச் செய்துவந்தது, கக்கூஸ் கழுவுகிற ப்ளீச்சிங் திரவத்தின் உறவுக்காரன்தான் என்பதில் அவருக்குத் தாளாத அவமானம்.

சோதிக்கப் பிடுங்கிய பற்கள் வேண்டும். அவருடைய உதவியாளராக இருந்த பெண், ஊரிலுள்ள பல் ஆஸ்பத்திரிகளிலெல்லாம் பல்லை இளித்துக் கேட்டு வாங்கியும் ஒன்று குறைந்தது. ஆடிக்கொண்டிருந்த முன்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த அவளுடைய அப்பா அதை அவளிடம் நீட்டினார்.

“வச்சுக்கோம்மா. நான்தான் ரிட்டயராகி சும்மா உக்காந்திருக்கேன். என் பல்லாவது வேலைக்குப் போகட்டும்.”

மற்றவற்றோடு அதற்கும் தலையைச் சீவினாள். மிஞ்சியவை வேர்கள், எல்லாம் ஒரே நீளம். உள்ளே கிருமியை வளர்த்தாள். எது யாருடையது, எதற்கு எந்த மருந்து என்று எவருக்கும் தெரியக்கூடாது என்பது விதி. நன்றாகக் கலைத்துப்போட்டு எண் ஒட்டினாள். அந்த வாரமே அப்பாவின் இதயம் நின்றுபோனது.

எரித்துவிட்டு வந்த மறுநாள் அம்மா கேட்டாள்.

“அவரு பல்லு உங்கிட்டதானடி இருக்கு? கொண்டாந்து குடுத்துரு. மத்ததெல்லாம் சாம்பலாப் போச்சு.”

ஆய்வகத்தில் வேர்கள் இருந்த தட்டின் மேல் மகள் குனிந்தபடியே இருந்தாள். அப்பாவின் பல்லில் சிகரெட் கறை உண்டு. கறை இருந்த பாகத்தைத்தான் அறுத்து எறிந்திருந்தாள்.

“என்னம்மா தேடுற?”

“அப்பாவோட பல்லு, சார்.”

“விஞ்ஞானத்துக்கு முன்னால எல்லா வேரும்...” என்று மேடைக்குரலில் ஆரம்பித்த பேராசிரியர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பிறகு கதவைப் பார்த்தபடி, “ஏதாவது ஒண்ண எடுத்துக்கோயேன். ஒடைஞ்சுபோச்சுன்னு எழுதிக்கலாம்” என்றார்.

ஒன்றை எடுத்தாள். நீராவியில் வேகவைத்து, கிருமி நீக்கி, பஞ்சில் பொதிந்து கொண்டுபோனாள்.

அம்மா அதை உள்ளங்கையில் வைத்து, விரலால் மெல்லத் தடவினாள்.

“அவரோடதேதான்டி. இங்க லேசா ஒரு கோணல் இருக்கு, பாரு. அவரு புத்தி மாதிரியே.” சிரிக்கத்தான் பார்த்தாள்.

“ஆமாம்மா” என்றாள் மகள்.

புதுக் கழுவுநீருக்கும் ப்ளீச்சிங் திரவத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று அடுத்த மாதம் முடிவு வந்தது.