முன்னூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்

காலை ஒன்பது மணிக்குள் அவள் நூற்றுப் பதினோரு சட்டைகளைப் பார்த்து முடித்திருந்தாள். எல்லாம் கம்ப்யூட்டரில் வரும் படங்கள். கறையா, கிழிசலா, தையல் விட்டிருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, மேலே இருக்கும் ‘சரி’யையோ ‘பழுதை’யோ அமுக்க வேண்டும். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. ஏழு மாதமாக யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அடுத்த சட்டை வந்து நின்றபோது கண்காணிப்பாளர் போனில் கூப்பிட்டாள்.

“அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த மாசம் நாப்பத்தி மூணு பழுத விட்டிருக்கீங்க. அத்தனையும் சட்டையோட அடி மடிப்புல. பன்னெண்டு மணிக்குள்ள சரியான காரணம் காட்டலேன்னா வேலைய நிறுத்திடுவாங்க.”

“அடி மடிப்பா? படத்துல அதெல்லாம் வர்றதே இல்லையே மேடம்! வேலை பாக்குற பக்கத்தப் புதுசா மாத்துனதுலேர்ந்து சட்டை இடுப்போட நிக்குது. கிட்ட வெச்சுப் படம் எடுக்குறாங்கபோலன்னு நெனச்சேன்.”

“உங்க ஸ்கிரீன் ரெசல்யூஷன் எவ்வளவுக்கா?”

அவளுக்கு அது விளங்கவில்லை. வாசற்படியில் உளி தீட்டிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்து, “என்னங்க, ஸ்கிரீன் எவ்வளவுன்னு கேக்குறாங்க” என்றாள். தச்சு வேலைக்காரரிடம் அளவு கேட்டால் விடுவாரா? டேப்பை இழுத்துத் திரைமேல் வைத்தார்.

“பதிமூணரைக்கு ஏழரை இஞ்சு. நூல் பிசகாது, தைரியமாச் சொல்லு.”

போனை ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னாள். அந்த நிலைமையிலும் கண்காணிப்பாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இஞ்சு இல்லக்கா, புள்ளி. பொடிப்பொடிப் புள்ளியாச் சேந்துதான் படம் தெரியுது. செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளேக்குப் போங்க, ரெண்டு நம்பர் இருக்கும்.”

“ஆயிரத்து முன்னூத்தி அறுபத்தாறு... பெருக்கல்... எழுநூத்தி அறுபத்தெட்டு.”

“அதுக்கு மேல வெக்க முடியுதா?”

“இதுதான் கடைசி மேடம்.”

“புதுப் பக்கத்துக்கு உயரத்துல ஆயிரத்தி எம்பது புள்ளி வேணும். அகலம் தானா அடங்கிக்கும். உயரம் அடங்காது, கீழ வெட்டிடும். உருட்டிப் பாக்கவும் வழியில்ல.”

தச்சர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒரு பலகைத் துண்டில் கழித்துப் பார்த்தார். “முன்னூத்திப் பன்னெண்டு கொறையுதே! எட்டடிக் கதவுக்கு ஆறடி நிலையக் குடுத்துட்டு, கதவு ஏன் அடங்கலன்னு கேட்டா என்ன நியாயம்?”

“கேட்டீங்களா மேடம்? இதையே காரணமா எழுதிடுங்க” என்றாள். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

“எழுதுறேன். இப்ப கண்ட்ரோலையும் மைனஸையும் சேத்து அமுக்குங்க, எழுபது சதவீதம் வர்ற வரைக்கும்.”

அமுக்க அமுக்கச் சட்டை சுருங்கி மேலே ஏறியது. இடுப்புக்குக் கீழே துணி வந்தது, பிறகு அடி மடிப்பு. மடிப்பில் இரண்டு விரல் நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது. அதற்கும் கீழே, அவள் இதுவரை பார்த்தே இராத சாம்பல்நிற எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. தச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

“‘படம் முழுவதும் தெரியாதவர்கள் வேலையைத் தொடங்காமல் எங்களுக்குத் தெரிவிக்கவும். தொடங்கினால், முழுவதும் தெரிவதாக ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும்.’ அட, இத எங்க கொண்டுபோய் எழுதியிருக்கான் பாரு!”

“தெரியாத எடத்துல எழுதி வெச்சுட்டு, தெரியலேன்னா சொல்லுன்னா எப்படி மேடம் சொல்லுவேன்?” அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

“நியாயம்தான்கா. நானும் அதத்தான் எழுதப்போறேன்.” குரல் இறங்கிவிட்டது. “ஆனா எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க. அவங்க அந்த வரியத்தான் காட்டுவாங்க.”

போனை வைத்துவிட்டு அவள் வேலையைத் தொடர்ந்தாள். பன்னிரண்டு மணிக்குள் எழுபத்தெட்டுச் சட்டைகள். அடி மடிப்பில் மட்டும் ஐந்து பழுது. ஒன்றைக்கூட விடவில்லை. தச்சர் வேலைக்குக் கிளம்பாமல் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டு அடித்ததும் சட்டை மறைந்தது. உங்கள் சேவை இன்றுடன் முடிவடைகிறது என்ற ஆறு வரி அறிவிப்பு வந்தது. அது மட்டும் மேலேயும் கீழேயும் ஓர் எழுத்து வெட்டுப்படாமல், திரைக்குள் முழுதாக அடங்கியிருந்தது.